விதைக்கு எடுத்து வைத்தது

1996-இல் தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு டி.டி.பி. கடை போட்டேன். நண்பர் ஒருவர் கூட்டு. கணினி அவர் வாங்கியது, தமிழ் எழுத்துரு மென்பொருள் என் பங்கு. என் பங்கு என்றால் அப்பாவின் பங்கு. அந்த மாசியில் தாளடி நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விட்டது. சென்னையில் வாங்கிக்கொண்டு, நேரே கடைக்குப் போகாமல் அம்மாபேட்டையை அடுத்த எங்கள் ஊருக்குப் போனேன். பணம் போட்டவர் பொருளைப் பார்க்க வேண்டாமா?

பிளாஸ்டிக் உறைக்குள் நான்கு ஃபிளாப்பிகள், பின் அடித்த ஒரு சின்னப் புத்தகம். அவ்வளவுதான். அப்பா ஒரு ஃபிளாப்பியை எடுத்து அதன் தகரத் தாழ்ப்பாளைக் கட்டை விரலால் தள்ளினார். விட்டதும் அது டக்கென்று மூடிக்கொண்டது. மறுபடி தள்ளினார்.

“எழுத்தெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கா?”

“ஆமாப்பா.”

“வெதைக்கு எடுத்து வச்சிட்டியா தம்பி?”

எனக்குச் சிரிப்பு வந்தது. இதை நகல் எடுக்க முடியாது என்று விளக்கினேன். மூன்றாவது ஃபிளாப்பிதான் பூட்டு. கணினியில் மூன்று தடவை ஏற்றலாம், ஒவ்வொரு தடவையும் அதற்குள் ஒரு கணக்குக் குறைந்துகொண்டே வரும். அப்படியே பிரதி எடுத்தாலும் அந்தப் பிரதி வேலை செய்யாது.

“காசு குடுத்துத்தானே வாங்குன?”

“ஆமா.”

அவர் ஃபிளாப்பியை உறைக்குள் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருளிலிருந்து விதைக்கு எடுக்கக் கூடாது என்று விற்றவன் சொல்வதும், வாங்கியவன் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வருவதும் அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கு அது பிடிபட்டிருந்தது. நான் படித்தவன்.

அப்பா விதைநெல் எடுப்பதைச் சொல்ல வேண்டும். டெப்போவில் நீலச் சீட்டு தைத்த சான்று விதை வாங்குவார். குறுவைக்கு ஆடுதுறை 36, சம்பாவுக்குப் பொன்மணி. வாங்கிய விதையில் விட்ட நாற்றை எல்லா வயலிலும் நட்டாலும், வாய்க்கால் ஓரத்து ஒரு மா நிலத்துக்கு மட்டும் தனிக் கவனம் உண்டு. கதிர் வரும் சமயத்தில் அதற்குள் இறங்கிக் கலவன் பிடுங்குவார். ஒரு கதிர் ஒரு விரற்கடை உயர்ந்து நின்றாலும் போதும், வேரோடு வந்துவிடும். அறுத்துக் களத்துக்கு வந்ததும் தலையடி நெல் மட்டும்தான் விதைக்கு. இரண்டாம் அடிப்பில் உதிர்வது சாப்பாட்டுக்கும் விற்பனைக்கும். விதையை அமாவாசை வெயிலில் காயப்போட்டு, கடித்துப் பார்த்து, வேப்பிலையும் நொச்சியும் கலந்து, வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டை கட்டி, மேலே சாணம் மெழுகுவார். ஒரு கோட்டை எங்கள் வீட்டுப் பரணில். இன்னொன்று நீடாமங்கலத்து அத்தை வீட்டுக்கு மாட்டு வண்டியில் போகும். அத்தைக்குச் சீர் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணினிக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: மூன்று பிரதி, இரண்டு விதமான பொருளில், ஒன்றாவது வேறு ஊரில். பல வருடம் கழித்து இதை முதன்முதலாகப் படித்தபோது நீடாமங்கலம் போன வண்டி நினைவுக்கு வந்தது.

எங்கள் மென்பொருளின் கதை விரைவில் முடிந்துவிட்டது. முதல் ஏற்றம் 1996. அடுத்த வருடம் ஹார்டு டிஸ்க் படுத்தது, இரண்டாவது ஏற்றம். பிறகு வைரஸ் வந்து, நண்பர் எல்லாவற்றையும் அழித்துச் சுத்தம் செய்ததில் மூன்றாவதும் தீர்ந்தது. கடைசியாக, ஐப்பசி அடைமழையில் கடைச் சுவர் ஊறி, அலமாரியில் இருந்த ஃபிளாப்பிகளின் காந்தத் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்தது. டெல்டா ஈரம் நெல்லையும் விடாது, ஃபிளாப்பியையும் விடாது. விற்ற நிறுவனத்தின் எண்ணுக்கு அடித்தேன். முதலில் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது, பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. நாங்கள் வேறொரு எழுத்துருவுக்கு மாறிக்கொண்டோம். அதற்குள் கடையிலிருந்து விலகிப்போய் மன்னார்குடியில் சொந்தமாகக் கடை வைத்திருந்த எங்கள் பழைய வேலைக்காரப் பையன், போகும்போது அந்த எழுத்துருக்களையெல்லாம் ஒரு ஃபிளாப்பியில் அள்ளிக்கொண்டு போனான் என்று தெரியவந்தது. திருட்டு என்றே நினைத்தேன். இரண்டு வருடம் அவனோடு பேசவில்லை.

2010-இல் ஒரு கிராமத்துப் பெரியவர்கள் கடைக்கு வந்தார்கள். 1998-இல் அவர்கள் ஊர்க் கோயில் குடமுழுக்கு மலரை நாங்கள்தான் கோத்துக் கொடுத்திருந்தோம். தலவரலாறு, திருப்பணிக் கணக்கு, நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் சேர்த்து நூற்று நாற்பது பக்கம். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, அடுத்த குடமுழுக்கு. பழைய மலரைக் கொஞ்சம் திருத்தி மறுபடி போட வேண்டும். அந்தக் கோப்புகளை நான் பத்திரமாகக் குறுந்தகட்டில் வைத்திருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தகட்டைப் போட்டுத் திறந்தேன். நூற்று நாற்பது பக்கமும் ஆங்கில எழுத்தும் டாலர் குறியும் பிறைக்கோடும் கலந்த குப்பையாக வந்து நின்றது.

இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் புரிவதில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு நிறுவனமும் தமிழுக்குத் தன் இஷ்டப்படி இடம் ஒதுக்கியிருந்தது. கணினியைப் பொறுத்தவரை நாம் அடித்ததெல்லாம் ஆங்கிலக் குறிகள்தான். அவற்றின் மேல் தமிழ் முகத்தை மாட்டுவது எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று பொதுக் குறியேற்றங்களை அறிவித்தார்கள். ஆனால் அதற்கு முந்தி அடித்ததெல்லாம் அந்தந்த நிறுவனத்தின் பூட்டுக்குள்தான் இருந்தது. மென்பொருள் போனால் அதில் அடித்ததும் போயிற்று. நான் கோப்புக்கு நகல் வைத்திருந்தேன், கோப்பைப் படிக்கும் கண்ணுக்கு வைக்கவில்லை.

மன்னார்குடிக்குப் பஸ் ஏறினேன். அந்தப் பையன், பையன் என்ன, அதற்குள் இரண்டு குழந்தைக்குத் தகப்பன், நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். விஷயத்தைச் சொன்னேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குறுந்தகட்டை எடுத்துச் சட்டையில் துடைத்துக் கொடுத்தான்.

“உங்க கடையிலேர்ந்து போனதுதாண்ணே. வச்சுக்கிட்டே இருந்தேன்.”

மலர் வெளிவந்தது. ஆனால் காசு கொடுத்து நேர்மையாக வாங்கிய பிரதி பூஞ்சணம் பூத்துச் செத்துப்போக, திருட்டுப் பிரதி உயிரோடு இருந்து வந்து கைகொடுத்த கணக்கு எனக்கு நெடுநாள் நேராகவில்லை. திருட்டை நியாயப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. எழுத்துரு வரைந்தவர் ஒவ்வொரு சுழிக்கும் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருப்பார், அவருக்கு ஒரு கடைக்கு ஒரு விலை சேரத்தான் வேண்டும். நான் சேர்த்துவிட்டேன். அப்படிச் சேர்த்தவனை மட்டும் பூட்டு பிடித்துவைத்தது, சேர்க்காதவனை விட்டுவிட்டது.

இதில் வேடிக்கை, சட்டம் அப்போதே அப்பாவின் பக்கம்தான் இருந்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 1994-இல் திருத்தினார்கள். 1995 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 52-ஆம் பிரிவு எவையெல்லாம் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. கணினி நிரலை முறைப்படி வைத்திருப்பவர், இழப்புக்கும் அழிவுக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகக் காப்பாக அதற்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒன்று. எந்தக் காரியத்துக்கு வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், அவ்வளவே. நான் சென்னைக்குப் போய் வாங்கியபோது இந்தத் திருத்தத்துக்கு வயது ஒன்று ஆகப்போகிறது. கடைக்காரரும் சொல்லவில்லை, பின் அடித்த புத்தகத்திலும் இல்லை. 2012-இல் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்த்து, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கினார்கள். சட்டம் தடுக்காத காரியத்துக்காக உடைத்தால் குற்றமில்லை என்று அதிலேயே ஒரு வாசலையும் திறந்து வைத்தார்கள். வாசல் இருக்கிறது. பூட்டைத் திறக்கத் தெரிந்த ஆளைக் கீழவாசலில் எங்கே தேடுவது என்பதுதான் எழுதப்படவில்லை.

பிரதி எடுப்பதைச் சின்னத்தனமான வேலையாக, ஜெராக்ஸ் கடை வேலையாகப் பார்க்கும் பழக்கம் இந்த மண்ணுக்கு ரொம்பப் புதிது. கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் திருமழபாடி இருக்கிறது. அங்குள்ள கோயில் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், ஆணையிட்டான். பழைய சுவர் முழுக்கக் கல்வெட்டு. யார் எவ்வளவு நிலம் விட்டார், எந்த விளக்குக்கு எத்தனை ஆடு என்ற கணக்கெல்லாம் அதில்தான். சுவரை இடித்தால் கணக்கும் இடிந்துபோகும். ஆகவே இடிப்பதற்கு முன் கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டார்கள். அதற்குள் ராஜராஜன் காலம் முடிந்துவிட்டது. மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். இடையில் பதின்மூன்று வருடம். அந்தப் பதின்மூன்று வருடமும் ஒரு கோயிலின் மொத்தச் சொத்துக் கணக்கு ஒரு ஏட்டுக் கட்டுக்குள் யாரோ ஒருவர் பொறுப்பில் இருந்திருக்கிறது. மழை, கரையான், ஆட்சி மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி. அந்த ஆளின் பெயர் தெரிந்தால் என் கடையில் படம் மாட்டியிருப்பேன்.

இன்னொரு இடம் திருவிடைவாசல், கொரடாச்சேரிப் பக்கம். தேவார ஏடுகள் சிதம்பரத்தில் கரையானுக்குப் போக மீந்ததுதான் நமக்குக் கிடைத்தது என்பது எல்லாரும் அறிந்த கதை. எந்த ஏட்டிலும் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று 1917-இல் இந்த ஊர்க் கோயில் கல்வெட்டில் கிடைத்தது. யாரோ ஒருவருக்கு ஏடு மட்டும் போதாது என்று தோன்றியிருக்கிறது. கல்லிலும் இருக்கட்டும் என்று வெட்டிவைத்தார். இரண்டு விதமான பொருளில் வை என்று கணினிக்காரர் சொல்வது இதைத்தான்.

ஏடு சாகும் என்பது ஏட்டோடு பழகியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் தலைமுறைக்கு ஒருமுறை புது ஓலையில் எழுதிக்கொண்டு பழைய கட்டை ஆற்றில் விடும் வழக்கம் வந்தது. பின்னால் என்ன ஆயிற்றென்றால், எழுதுகிறவன் இல்லாமல் போனான், ஆற்றில் விடுவது மட்டும் சடங்காக நின்றது. உ.வே. சாமிநாதையர் சுவடி தேடிப் போன இடங்களில் கேட்டு நொந்த செய்திகளில் இது ஒன்று: இப்போதுதான் ஆடிப்பெருக்கில் விட்டோம் என்பார்களாம். உத்தமதானபுரத்துக்காரருக்கு ஆடிப்பெருக்கின் அருமை தெரியாமலா இருக்கும்? ஒரு நூலைப் பதிப்பிக்க அவர் ஊர் ஊராக அலைந்ததே, ஒரு பிரதியில் அழிந்த வரி இன்னொரு பிரதியில் இருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில்தான். எல்லாரும் ஒழுங்காக ஒரே ஒரு பிரதியோடு நின்றிருந்தால் அவருக்குத் தேடப் போக இடமே இருந்திருக்காது.

இப்போது மென்பொருள் வாங்கினால் கையில் ஒன்றும் தருவதில்லை. பூஞ்சணம் பூக்கக்கூட ஒரு பொருள் இல்லை. கணக்கு ஒன்றைத் தொடங்கித் தருகிறார்கள், மாதாமாதம் வாடகை. 2013-இல் அடோபி தன் புதிய பதிப்புகளை விலைக்கு விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. அதே சமயத்தில்தான் 2005-இல் வந்த அதன் சி.எஸ். 2 தொகுப்புக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்த சர்வர்களையும் நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவன் வேறு கணினியில் ஏற்றினால் திறக்காது. நல்ல வேளை, அனுமதி கேட்காத பதிப்பு ஒன்றை அந்த நிறுவனமே கொடுத்தது. கொடுக்காமல் போயிருந்தாலும் கேட்பதற்கு நம்மிடம் என்ன இருந்தது? 2009-இல் அமேசான், உரிமைத் தகராறு என்று சொல்லி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஆர்வெல்லின் ‘1984’ நாவலை அவர்கள் கையிலிருந்த கிண்டிலிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், உண்மைதான். நம் வீட்டுப் பரணில் ஏறி விதைக்கோட்டையை எடுத்துக்கொண்டு கூடத்தில் காசை வைத்துவிட்டுப் போனதுபோல.

விதையிலும் இதை முயன்றார்கள். 1998-இல் அமெரிக்க வேளாண் துறையும் ஒரு விதை நிறுவனமும் சேர்ந்து, விளைந்த நெற்று மறுபடி முளைக்காதபடி செய்யும் நுட்பத்துக்குக் காப்புரிமை வாங்கின. அந்த நிறுவனத்தின் பெயரிலேயே டெல்டா இருக்கிறது: டெல்டா அண்டு பைன் லேண்ட். அது மிசிசிப்பி டெல்டா. என் மூன்றாவது ஃபிளாப்பிதான் அது, விதைக்குள் வைத்தது. இந்தியா 2001-இல் கொண்டுவந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் அப்படிப்பட்ட ரகங்களைப் பதிவு செய்யவே இடம் தரவில்லை. அதோடு, உரிமை பதிவான ரகமாகவே இருந்தாலும் உழவன் அதன் விதையை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், நிறுவனத்தின் முத்திரைப் பெயர் போடாமல் விற்கவும் செய்யலாம் என்று 39-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. மென்பொருள் வாங்கியவனுக்குக் காப்புப் பிரதி, அதுவும் தற்காலிகமாக. உழவனுக்கு ஊருக்கே கொடுக்கும் உரிமை. இரண்டும் ஒரே நாடாளுமன்றம் போட்ட சட்டம்தான். வயலுக்குப் போகும்போது மட்டும் அதற்கு மனசு விரிந்திருக்கிறது.

எல்லா விதையும் எடுத்து வைக்க ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுவீரிய நெல் ஆடுதுறையிலிருந்தே வந்தது. அதில் எடுத்த விதை அடுத்த போகத்தில் தாய் மாதிரி வராது, நெட்டையும் குட்டையுமாகப் பிரியும். அது இயற்கையின் பூட்டு, யார் மேலும் குற்றமில்லை. அப்பா ஒரு தடவை பயிரிட்டார். நன்றாக விளைந்தது. “வருசா வருசம் கடைவாசல்ல நிக்கணும்” என்று அடுத்த தடவை விட்டுவிட்டார்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் செய்தது இந்த 39-ஆம் பிரிவை வயலில் எழுதிக்காட்டியது மாதிரி. இயற்கை வேளாண்மை பேசிய நம்மாழ்வாரோடு ஊர் ஊராக நடந்தவர். காட்டுயானம், பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா என்று நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பழைய ரகங்களைத் தேடிச் சேர்த்தார். சேர்த்ததைப் பூட்டி வைக்கவில்லை. வருடா வருடம் நெல் திருவிழா வைத்து, வந்தவருக்கெல்லாம் இரண்டு கிலோ விதை கொடுத்தார். அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே விலை. 2018 டிசம்பர் 6-ஆம் தேதி அவர் இறந்தார். கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அவர் போனபோது அவர் விதை எத்தனையோ பேர் வீட்டில் இருந்தது. ஒரு ரகம் பிழைக்க ஒரு கிடங்கை நம்பியிருக்க வேண்டாம் என்ற நிலையில் விட்டுவிட்டுப் போனார்.

வடதுருவத்துப் பக்கம் நார்வேயின் ஸ்வால்பார்டில், பனிமலைக்குள் உலக விதைப் பெட்டகத்தை 2008-இல் திறந்தார்கள். அதைத் திறந்து முதன்முதலாக விதை வாங்கியது 2015-இல், சிரியாவின் அலெப்போவில் விதை வங்கி வைத்திருந்த ஆய்வு மையம். உள்நாட்டுப் போரில் அந்த வங்கியை அவர்களால் நடத்த முடியாமல் போயிற்று. வாங்கிய விதையை வேறு நாடுகளில் விதைத்துப் பெருக்கி, மறுபடி பெட்டகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அத்தை வீட்டுக் கோட்டையும் ஒரு வருடம் இப்படி எங்களுக்குத் திரும்பி வந்தது. அந்த வருடம் எங்கள் பரணில் எலி.

மன்னார்குடிக்குப் போய்வந்த பிறகு நான் ஒரு தகரப் பெட்டி வைத்துக்கொண்டேன். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் ஒவ்வொன்றும், அதை ஏற்றும் எண், ரசீது, அது ஓடும் விண்டோஸ் 98 எல்லாம் அதற்குள். இரண்டு ஹார்டு டிஸ்க்கிலும் பிரதி இருக்கிறது. ஒன்று மன்னார்குடியில்.

ஆனால் எடுத்து வைத்தால் மட்டும் போதுமா? அப்பா வைகாசியில் கோட்டையைப் பிரித்ததும் நூறு நெல்லை எண்ணி எடுப்பார். ஒன்று கூடக் குறையக் கூடாது. நனைத்த சாக்கில் பத்துப் பத்தாக அடுக்கிச் சுருட்டி, சமையலறை மூலையில் வைப்பார். அம்மா காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பாள். ஐந்தாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து சாக்கை விரிப்பார். முளை விட்டதை எண்ண மாட்டார், விடாததைத்தான் எண்ணுவார். நகத்தால் கிள்ளிப் பார்த்து ஒவ்வொன்றாக இடது உள்ளங்கையில் போட்டுக்கொள்வார். இருபதைத் தாண்டினால் அந்த விதை நாற்றங்காலுக்குப் போகாது, அரைவைக்குப் போகும். சான்று விதைக்கு அரசாங்கம் வைத்திருக்கும் அளவும் நூற்றுக்கு எண்பதுதான் என்பதை நான் பிறகு ஒரு விதைச் சீட்டில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு அந்த எண் எங்கிருந்து வந்ததென்று கேட்டதில்லை.

அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. போன வைகாசியில் தகரப் பெட்டியை இறக்கினேன். யு.எஸ்.பி.யில் மாட்டும் ஃபிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். பழைய கணினியை மேசையில் ஏற்றி, ஒவ்வொரு ஃபிளாப்பியாகச் செருகினேன். உள்ளே அந்தப் பழைய கரகர சத்தம். சில உடனே திறந்தன. சில வெகுநேரம் அரைத்துவிட்டுத் திறக்க முடியாது என்றன. திறக்காததை மட்டும் இடது பக்கம் வைத்துக்கொண்டே வந்தேன். அந்த மூன்றாவது ஃபிளாப்பியும் இடது பக்கத்துக்கே போனது. மொத்தம் பதினொன்று, திறக்காதது நான்கு.

நூற்றுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டேன். அறுபத்து நான்குகூடத் தேறவில்லை. அப்பா இருந்திருந்தால் மொத்தத்தையும் அரைவைக்குப் போட்டிருப்பார். நான் மூடியை மூடிவிட்டு மன்னார்குடிக்குப் போன் போட்டேன்.